முப்பத்தாறு தாளும் ஒரு சுங்குடிச் சேலையும்

பாக்கெட் வேணும், அம்புட்டுதான். எல்லாம் ஆரம்பிச்சது அங்கதான். ஸ்கூல்ல கிளாஸுக்கு கிளாஸ் ஓடுறப்ப கையில சாக்பீஸ் டப்பா, பீரோ சாவி, போன், ரெண்டு பேனா, இதுல எவனாவது ஒருத்தன் மிஸ் மூக்குல ரத்தம்னு ஓடி வந்தா எல்லாத்தையும் ஜன்னல் கட்டையில வச்சிட்டு ஓடணும். திரும்பி வந்தா பேனா இருக்காது. ரெடிமேட் குர்த்தியில பாக்கெட்னு ஒண்ணு வைக்கிறாங்கல்ல, அதுல மூணு விரல் போகும், போன் பாதிதான் போகும், மீதி பாதி நடக்க நடக்க எட்டிப் பாக்கும். கடையில சொல்லித் தைக்கக் குடுத்தா "பாக்கெட்லாம் வச்சா ஷேப் போயிரும் மேடம்"னு ஒரே வார்த்தை. யாரு ஷேப் கேட்டா.

அதனால இந்த லீவுல ஒரு பேட்டர்ன் வாங்குனேன், அதாவது துணி மேல வச்சு வெட்டுறதுக்கான காகித அச்சு. ஆன்லைன்ல பிடிஎஃப்பா விக்கிறாங்க, நம்மளே பிரிண்ட் எடுத்து ஒட்டி வெட்டிக்கணும். முன்பக்கம் கழுத்துலருந்து இடுப்பு வரைக்கும் பட்டன், இடுப்புக்குக் கீழ சுருக்கு வச்ச பாவாடை மாதிரி, அரைக்கை, ரெண்டு பக்கமும் முழங்கை வரைக்கும் உள்ள போற மாதிரி பாக்கெட். படத்தப் பாத்ததுமே மனசு விழுந்துருச்சு. 750 ரூபா. அம்மாகிட்ட சொன்னேன். "துணியா?" "இல்லம்மா, காகிதம்." "காகிதம் வருதா?" "இல்ல, காகிதமும் நம்மதுதான்." அம்மா என்னய ஒரு பார்வை பாத்துட்டு அடுப்படிக்குள்ள போயிருச்சு.

அம்மா முப்பது வருசத்துக்கு மேல தைக்குது. கறுப்பு உஷா மெஷின், கால்ல மிதிக்கிறது, தங்கக் கலர்ல எழுதியிருந்ததெல்லாம் கை பட்டு பட்டு அழிஞ்சு போச்சு. தெருவுல பாதி பேருக்கு ஜாக்கெட்டு, நைட்டி, பாவாடை எல்லாம் அது தச்சதுதான். ஆனா ஒரு நாள் கூட காகிதத்துல வெட்டி நான் பாத்ததில்ல. நம்ம ஊர்ல பேட்டர்ன்னா என்னங்க, அளவு ஜாக்கெட்டு. நல்லா பொருந்துற ஒரு ஜாக்கெட்ட மஞ்சப்பையில போட்டு எடுத்துட்டுப் போய் குடுப்போம், "இதே மாதிரி, ஆனா கை மட்டும் ஒரு இன்ச் கூட, கழுத்து இம்புட்டு இறக்கம் வேணாம்"னு. அவங்க அத நாலா மடிச்சுப் புதுத்துணி மேல வச்சு டேப்ப இழுத்து, மார்புச் சுத்தளவுல கால்வாசி, லூஸுக்கு இம்புட்டு, தையலுக்கு இம்புட்டுன்னு சாக்பீஸ்ல நாலு கோடு. கத்திரிக்கோல் போட்ருவாங்க.

சின்னப்புள்ளையில அம்மா கூட மீனாட்சி கோயில் புதுமண்டபத்துக்குப் போவேன், நூல் வாங்க, கொக்கி வாங்க, லைனிங் வாங்க. திருமலை நாயக்கர் கட்டுன மண்டபம், ஒவ்வொரு தூணுலயும் சிலை, அந்தத் தூணுக்கும் தூணுக்கும் நடுவுல வரிசையா தையல் மெஷின். சித்திரைத் திருவிழா வந்துருச்சுன்னா அழகர் வேஷத்துக்குத் துணி தைக்கக் கூட்டம் நிக்கும். ஒருத்தன் வந்து நிப்பான், டெய்லர் ஏற இறங்கப் பாப்பார், ஒரு டேப்ப தோள்ல போட்டு எடுப்பார், அம்புட்டுதான், சிவப்புத்துணி கரகரன்னு வெட்டு விழும். காகிதம் கீகிதம் ஒண்ணும் கிடையாது. இப்ப அந்தக் கடையெல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாத்திட்டாங்க, லைட்டு ஃபேன் எல்லாம் வசதிதான், ஆனா எனக்கு நூல்கண்டுன்னாலே இன்னமும் கல்லோட குளிர்ச்சிதான் ஞாபகம் வரும். சரி அது வேற கதை.

அப்ப இந்தக் காகிதம் எங்கருந்து வந்துச்சுன்னா, அமெரிக்காவுல மாசசூசெட்ஸ்ல ஸ்டெர்லிங்னு ஒரு ஊரு, அங்க எபனீசர் பட்டெரிக்னு ஒரு டெய்லர் 1863ல ஆரம்பிச்சது. அதுக்கு முன்னாடியும் பத்திரிகையில பேட்டர்ன் வரும், ஆனா ஒரே சைஸ், அத வச்சு உன் உடம்புக்கு நீயே பெருசு பண்ணிக்கோ சின்னது பண்ணிக்கோன்னு விட்ருவாங்க. இவர் பண்ண வேலை என்னன்னா ஒரே மாடல சைஸ் சைஸா வெட்டி வித்தது. முதல்ல ஆம்பளைங்க, பசங்க துணிக்குத்தான், ரெண்டு மூணு வருசம் கழிச்சுத்தான் பொம்பளைங்க டிரஸ்ஸு. தையல் மெஷின் வீட்டுக்கு வீடு வர ஆரம்பிச்ச நேரம், டெய்லர் பக்கத்துல இல்லாத ஊர்க்காட்டுல இருக்கவங்களுக்குத் தபால்ல டெய்லர் வந்த மாதிரி. நமக்குத்தான் தெருவுக்கு ஒரு டெய்லர் இருந்தாரே, நமக்கு எதுக்கு காகிதம். இத அம்மாகிட்ட சொன்னேன். "அப்ப இப்ப மட்டும் எதுக்கு?"ன்னுச்சு. பதில் இல்ல.

பிரிண்ட் எடுத்த கதைய சொல்றேன், யாராச்சும் இத பண்றதா இருந்தா இத மட்டுமாச்சும் படிங்க. மொத்தம் 36 ஏ4 தாள். முதல் தாள்லயே ஒரு கட்டம் போட்டிருக்கும், 10 செ.மீ.க்கு 10 செ.மீ., பிரிண்ட் எடுத்ததும் அத ஸ்கேல் வச்சு அளந்து பாக்கணும். நான் அளந்தேனா? அளக்கல. ஜெராக்ஸ் கடையில நல்ல கூட்டம், பென் டிரைவக் குடுத்தேன், தம்பி படபடன்னு எடுத்துக் குடுத்துருச்சு, வீட்டுக்கு வந்து ஹால்ல தரையில பரப்பி, மார்ஜின வெட்டி, 1ஏ, 1பி, 2ஏன்னு வரிசை பாத்து செல்லோடேப் போட்டு ஒட்டி முடிக்க ரெண்டு மணி நேரம். ஃபேன் போட முடியாது, தாள் பறக்கும். வேர்வை சொட்டச் சொட்ட ஒட்டி எழுந்திரிச்சா முதுகு நிமிரல. அப்பத்தான் அம்மா வந்து சும்மா இன்ச் டேப்ப எடுத்து அந்தக் கட்டத்து மேல வச்சுது. 9.6 செ.மீ.

"பத்துன்னு போட்டிருக்கு, ஒம்பதரைதான இருக்கு?"

"ஃபிட் டு பேஜ்"னு ஒரு ஆப்ஷன் இருக்குங்க, அது டிக் ஆகியிருந்தா தாளுக்குள்ள அடங்குறதுக்காக எல்லாத்தையும் கொஞ்சம் சுருக்கிரும். 'ஆக்சுவல் சைஸ்' இல்லாட்டி '100 பெர்சென்ட்'னு சொல்லி எடுக்கணும். நாலு பெர்சென்ட்தானன்னு எனக்கு முதல்ல தோணுச்சு. கணக்கு டீச்சர் நான், கணக்குப் போட்டுப் பாத்தேன். டிரஸ்ஸு தச்சு முடிச்சா மார்பு 42 இன்ச் வரணும். நாலு பெர்சென்ட் போனா 40.3. ஒண்ணே முக்கால் இன்ச் காணாமப் போயிருக்கும், அத மாட்டிக்கிட்டு போர்டுல கை தூக்கி எழுத முடியுமா. 36 தாளையும் சுருட்டி மூலையில வச்சேன். என் மகன் அதுல பின்னாடி சயின்ஸ் படம் போட்டான், அந்த மட்டுக்கும் லாபம். ரெண்டாவது தடவ ஏ4 வேணாம்னு, வீடு கட்ற பிளான் எல்லாம் பெருசா பிரிண்ட் எடுப்பாங்கல்ல அந்தக் கடைக்குப் போனேன், ஏ0ன்னு தனி ஃபைல் அதுலயே குடுத்திருந்தாங்க, ரெண்டு பெரிய ஷீட்டுல முழுசும் வந்துருச்சு, ஒட்டுற வேலையே இல்ல. மொதல்லயே இத பண்ணியிருக்கலாம்.

அடுத்து சைஸு. ரெடிமேட்ல நான் எக்ஸ்எல். பேட்டர்ன்ல அதெல்லாம் பேச்சே கிடையாது, டேப்ப எடுத்து மார்பு, இடுப்பு, சீட்டு (உக்காருற எடத்துச் சுத்தளவு) மூணையும் அளந்து அவங்க டேபிள்ல பாக்கணும், நம்பர் எதுவா வேணா வரட்டும்னு மனசத் தேத்திக்கணும். ரெண்டு டேபிள் இருக்கும், ஒண்ணு உடம்போட அளவு, இன்னொண்ணு தச்சு முடிச்ச துணியோட அளவு. எனக்கு மார்பு 38, துணி 42, நடுவுல இருக்குற நாலு இன்ச்சுதான் நம்ம லூஸு. அவங்க அதுக்கு 'ஈஸ்'னு பேரு வச்சிருக்காங்க. இங்கிலீஷ்ல எல்லாத்துக்கும் தனிப் பேரு. துணி எம்புட்டு வேணும்னு போட்டிருக்க இடத்துல 'வித் நாப்'னு இருந்துச்சு. நாப்னா குட்டித் தூக்கம்தான எனக்குத் தெரியும், தூங்கி எந்திரிச்சு வெட்டச் சொல்றாங்களான்னு சிரிச்சுக்கிட்டு இருந்தேன். வெல்வெட்டு மாதிரி துணியில ரோமம் ஒரே திசையில படுத்திருக்கும்ல, மேல கீழ மாத்தி வெட்டுனா கலர் வேற மாதிரி தெரியும், அதத்தான் சொல்றாங்களாம். அம்மாவுக்கு இது தெரிஞ்சிருந்துச்சு, பேருதான் தெரியல.

ஆனா உயரத்த நான் யோசிக்கவே இல்ல. அந்தப் பேட்டர்ன் போட்டவங்க அஞ்சடி ஆறு அங்குலப் பொண்ண மனசுல வச்சுப் போட்டிருக்காங்க. நான் அஞ்சடி ஒண்ணு. சோதனைக்கு ஒரு தடவ பழைய துணியில வெட்டிப் பாருன்னு போட்டிருந்துச்சு, எனக்கு அவசரம், நேரா சேலையில போட்ரலாம்னு பாத்தேன், அம்மாதான் விடல. வீட்டுக்காரரோட பழைய எட்டு முழ வேட்டி ஒண்ணு எடுத்துக் குடுத்துச்சு, மேல்பக்கம் மட்டும் வெட்டி பெரிய தையலா ஓட்டிப் போட்டுப் பாத்தேன். இடுப்புத் தையல் இடுப்புக்குக் கீழ ஒண்ணேகால் இன்ச் தொங்குது. டாட், அதான் மார்புக்குப் பொருந்துறதுக்காக முக்கோணமா பிடிச்சுத் தைக்கிற மடிப்பு, அதோட முனை எங்க இருக்கணுமோ அங்க இல்லாம கீழ எங்கேயோ பாத்துக்கிட்டு நிக்குது. கண்ணாடியில பாத்தா அக்கா டிரஸ்ஸ எடுத்துப் போட்டுக்கிட்ட தங்கச்சி மாதிரி இருந்தேன், வயசு நாப்பதாகப் போகுது.

இதுக்கு அந்தக் காகிதத்துலயே வழி வச்சிருக்காங்க, இத நான் மெச்சுக்கிறேன். கை குழிக்கும் இடுப்புக்கும் நடுவுல பக்கத்துப் பக்கத்துல ரெண்டு கோடு படுக்கையா போட்டு, 'இங்க நீட்டு இல்லாட்டி சுருக்கு'ன்னு எழுதியிருக்கும். அந்த எடத்துல காகிதத்த மடிச்சு ஒண்ணேகால் இன்ச்ச உள்ள தள்ளி டேப் ஒட்டிட்டா போதும், பக்கக்கோடு லேசா படிக்கட்டு மாதிரி ஆகும், அத ஸ்கேல் வச்சு நேராக்கிக்கணும். முன்பக்கம் பின்பக்கம் ரெண்டுலயும் ஒரே அளவு மடிக்கணும், ஒண்ணுல மறந்தா போச்சு. டாட்ட மட்டும் தனியா முக்கால் இன்ச் மேல ஏத்துனேன். அம்மா இத உக்காந்து பாத்துட்டு, "அளவு ஜாக்கெட்டுல இறக்கம் கூட இருந்தா நாங்களும் துணிய இப்படித்தான் மடிச்சு வச்சு வெட்டுவோம்"னுச்சு. அப்பத்தான் மொத தடவையா அந்தக் காகிதத்தக் கையில தொட்டுச்சு.

துணிக்கு வருவோம். சுங்குடிச் சேலை, அரக்குல வெள்ளைப்புள்ளி, ரெண்டு பக்கமும் பச்சைக் கரை. நெசமாவே கையால முடிச்சுப் போட்டு சாயம் ஏத்துனது. இப்ப சுங்குடின்னு விக்கிறதுல பாதி பிரிண்ட்தான், முடிச்சுப் போட்டதுன்னா புள்ளி நடுவுல துணி லேசா குமிழ் மாதிரி நிக்கும், தடவுனா தெரியும். அத வெட்டப் போறேன்னதும் வீட்டுல எல்லாரும் ஒரு மாதிரி பாத்தாங்க. ஆனா நான் சேலை கட்டுறது வருசத்துக்கு நாலு நாள், பீரோவுல கெடந்து மடிப்புல கிழியுறதுக்கு வெட்டலாம்ல.

வெட்டுறதுக்கு முன்னாடி நனைக்கணும், இது காட்டனுக்குக் கட்டாயம். கல்லுப்பு போட்ட தண்ணியில ஒரு ராத்திரி, காலையில தண்ணி பீட்ரூட் வேகவச்ச மாதிரி இருந்துச்சு, அப்பறம் ரெண்டு தண்ணி அலசி நிழல்ல காயப்போட்டேன். கஞ்சி போனதும் துணி சோந்துபோன மாதிரி ஆயிருச்சு. அளந்தா அஞ்சரை மீட்டர்ல ஆறு இன்ச் கொறஞ்சிருக்கு. தச்சதுக்கப்பறம் இந்த ஆறு இன்ச் கொறஞ்சிருந்தா யாரத் திட்டுறது.

கரைய எங்க கொண்டு வர்றதுங்கிறதுலதான் ஒரு சாயந்தரமே போச்சு. காகிதத்துல ஒவ்வொரு பீஸ்லயும் ஒரு நீட்டு அம்புக்குறி இருக்கும், அது துணியோட கரைக்கு நேரா, இணையா இருக்கணும். நம்ம நேர் நூலுன்னு சொல்றதுதான், பாவு நூல் நெடுக்க ஓடுற திசை, அதுல வெட்டுனா துணி இழுக்காது, தொங்காது. அந்த அம்பக் கேட்டா கரை டிரஸ்ஸோட பக்கவாட்டுல நெட்டுக்குத்தா நிக்கும். எனக்குக் கரை கீழ சுத்தி வரணும், பாவாடை மாதிரி. அப்ப அம்ப மீறி குறுக்க வெட்டணும். மேல் பீஸ் எல்லாத்தையும் அம்பு சொன்னபடி நேர் நூல்ல வெட்டுறது, கீழ பாவாடைய மட்டும் குறுக்க திருப்புறதுன்னு முடிவு பண்ணோம். கீழ பீஸு வெறும் செவ்வகம்தான், அதனால தப்பிச்சேன். மேல ஒடுங்கி கீழ விரியுற ஏ-லைன் மாடலா இருந்திருந்தா கீழ வளைஞ்சு வரும், கரையோ நேர்கோடு, ஒட்டவே ஒட்டாது. முன்பக்கம் 40 இன்ச், பின்பக்கம் 40 இன்ச், மொத்தம் 80 இன்ச்ச இடுப்புக்குச் சுருக்கிக் கொண்டு வரணும். கீழ மடிச்சடிக்கிற வேலையே இல்ல, கரைதான் முடிவு, உயரத்த மேல வெட்டிச் சரிபண்ணிக்கலாம். மிச்சம் இருந்த இன்னொரு கரையில கை ரெண்டையும் வெட்டுனேன், கையோட அடிப்பக்கம் நேராத்தான வரும், பச்சைக் கரை அழகா உக்காந்துச்சு. இந்தப் பேட்டர்ன் போட்டவங்க இத பாத்தா சந்தோசப்படுவாங்களா திட்டுவாங்களான்னு தெரியாது.

செவ்வாய்க்கிழமை கத்திரி போட வேணாம்னு அம்மா சொல்லி, புதன் காலையில வெட்ட உக்காந்தோம். சண்டையும் அங்கதான்.

பேட்டர்ன்ல தையலுக்கு 5/8 இன்ச் விட்டிருக்கு, அதாவது அரை இன்ச்சுக்குக் கொஞ்சம் கூட. காகிதத்தோட ஓரத்துலயே வெட்டணும், அதுக்கு வெளிய விடக்கூடாது. போதாக்குறைக்கு தச்சு முடிச்சதும் அந்த 5/8லயும் பாதிய வெட்டித் தூக்கிப் போடு, அப்பத்தான் உள்ள தடிப்பு இல்லாம படியும்னு போட்டிருக்கு. நான் அத சத்தமா படிச்சேன். அம்மா கத்திரிக்கோல கீழ வச்சிருச்சு.

"வெட்டிப் போட்டுட்டு நாளைக்கு உடம்பு வச்சா என்னடி பண்ணுவ?"

"புதுசு தைக்க வேண்டியதுதான்."

"புதுசு தைப்பாளாம்ல. உன் கல்யாண ஜாக்கெட்ட இப்பவும் போடுறேல்ல, எப்படி?"

நெசம்தான். கல்யாணத்தப்ப என் மார்பளவு 32. அந்தப் பட்டு ஜாக்கெட்டு உள்ள பக்கத்துல ஒண்ணு பக்கத்துல ஒண்ணா மூணு தையல் வரிசை ஓட்டியிருந்துச்சு அம்மா. மூத்தவன் பொறந்ததும் ஒண்ணப் பிரிச்சோம். ரெண்டாவது பொறந்ததும் இன்னொண்ணு. இப்ப கடைசி வரிசையில நிக்கிறேன், அதுக்கு வெளியவும் அரை இன்ச் துணி இருக்கு. நம்ம டெய்லருங்க எல்லாருமே இப்படித்தான், பக்கத்துல தாராளமா உள்ள விட்டு வைப்பாங்க. சின்னப்புள்ளைங்க பாவாடையில கீழ டக் பிடிச்சுத் தச்சு, வருசா வருசம் ஒண்ணொண்ணா பிரிச்சு இறக்குவாங்க, பிரிச்ச எடத்துல ஒரு கோடு மட்டும் புதுக்கலர்ல தெரியும், அத வச்சே இந்தப் பாவாடை எத்தன வருசம்னு எண்ணிரலாம்.

கடைசியில சமாதானம் என்னன்னா, கழுத்து, தோள், கை குழி எல்லாம் காகிதம் சொன்னபடி, பக்கவாட்டுல மட்டும் அம்மா சாக்பீஸ்ல வெளிய தள்ளி ஒரு கோடு போட்டுச்சு, மொத்தம் ஒண்ணரை இன்ச். வெட்டுனோம். எல்லாம் முடிஞ்சுதுன்னு நெனச்சா அடுத்த பிரச்சினை அதுலருந்துதான் வந்துச்சு.

பேட்டர்ன்ல தைக்கிற வரிசை இப்படி: மேல்பக்கத்த முன்னும் பின்னும் தோள்ல சேர்த்து, பக்கமும் மூடி, ஒரு குழாய் மாதிரி ஆக்கிரணும். கையையும் தனியா குழாய் மாதிரி தச்சு, அந்தக் குழாய இந்தக் குழாய் ஓட்டையில சுத்திப் பொருத்தணும். பாவாடைய தனியா வட்டமா தச்சு இடுப்புல சுத்தி இணைக்கணும். பாக்க அழகா, கம்பெனி துணி மாதிரி வரும். ஆனா யோசிச்சுப் பாருங்க, இப்படித் தச்சா பக்கத் தையலுக்குக் குறுக்க கைத் தையல் ஒண்ணு, இடுப்புத் தையல் ஒண்ணு, ரெண்டும் மேல ஏறி உக்காந்துக்கும். உள்ள ஒண்ணரை இன்ச் விட்டு என்ன பிரயோசனம், பக்கத்தப் பிரிக்கணும்னா முதல்ல கையப் பிரிக்கணும், இடுப்பப் பிரிக்கணும்.

அம்மா வரிசைய மாத்திருச்சு. தோள சேத்ததும் பக்கத்த மூடாமலே கைய விரிச்ச வாக்குல வச்சுத் தச்சிரணும். முன்பக்க மேல்பீஸுல முன்பக்கப் பாவாடை, பின்பக்க மேல்பீஸுல பின்பக்கப் பாவாடை, தனித்தனியா இடுப்புல சேத்துரணும். பாக்கெட் பை நாலு துண்டையும் அந்தந்தப் பக்க ஓரத்துல மாட்டிரணும். இப்ப முழு டிரஸ்ஸும் தரையில விரிச்சுப்போட்ட போர்வை மாதிரி கெடக்கும். அப்பறம் ரெண்டா மடிச்சு, கை நுனியில ஆரம்பிச்சு, அக்குள் வந்து திரும்பி, இடுப்பு வழியா பாக்கெட் வாய மட்டும் சுத்திக்கிட்டு, கீழ கரை வரைக்கும் ஒரே ஓட்டு. ஜாக்கெட்டு, சுடிதார் எல்லாம் அது அப்படித்தான் தைக்கும், இம்புட்டு வருசம் பக்கத்துல உக்காந்து பாத்திருக்கேன், பக்கத் தையல் ஏன் கடைசின்னு ஒரு நாள் கூட கேட்டதில்ல. குண்டானாலும் ஒல்லியானாலும் அந்த ஒரு கோட்ட மட்டும் பிரிச்சா போதும்னுதான்.

சுருக்கு பிடிக்கிறதுலயும் அப்படித்தான். பேட்டர்ன்ல பெரிய தையலா ரெண்டு வரிசை ஓட்டி, கீழ்நூலப் பிடிச்சு இழுத்து, சமமா பரப்பி, பின் குத்தி, அப்பறம் தைக்கணும்னு போட்டிருக்கு. முன்பக்கப் பாவாடைக்கு நான் அப்படித்தான் பண்ணேன், நடுவுல ஒரு தடவ நூல் அந்து போய் மறுபடி முதல்லருந்து, முக்கால் மணி நேரம். பின்பக்கத்துக்கு அம்மா உக்காந்துச்சு. ஒண்ணும் ஓட்டல, பின் குத்தல. இடது கையால மேல்துணியப் பிடிச்சுக்கிட்டு, வலது கை ஆள்காட்டி விரல் நகத்தால பாவாடைத் துணிய ஊசிக்கு முன்னாடி சின்னச் சின்னதா தள்ளித் தள்ளிக் குடுக்குது, கால் மிதிச்சுக்கிட்டே இருக்கு, டடக் டடக்குன்னு சத்தம் ஒரே சீரா. நடுவுல வாசல்ல கீரைக்காரம்மா கூப்பிட்டதுக்கு "ரெண்டு கட்டு வையி"ன்னு பதில் வேற. நாலு நிமிசம். 40 இன்ச்சும் கடைசி நூல்ல கரெக்டா முடிஞ்சுச்சு. உத்துப் பாத்தா என் பக்கம்தான் சுருக்கு சமமா இருக்கு, அம்மா பக்கம் ஒரு எடத்துல கொஞ்சம் கூட்டமா இருக்கு. இத நான் அதுகிட்ட சொல்லல.

கைய மாட்டுறப்ப மட்டும் காகிதம் ஜெயிச்சுச்சு. கை பீஸோட மேல் வளைவுல ஒரு பக்கம் ஒத்த முக்கோணக் குறி, இன்னொரு பக்கம் ரெட்டைக் குறி, ஒத்தை முன்பக்கம், ரெட்டை பின்பக்கம். அம்மா முன்பக்கத்த கொஞ்சம் குடைஞ்சு வெட்டியிருக்கும், அத கண்ணாலயே பாத்துக் கண்டுபிடிக்கும். இந்தத் தடவ கரண்டு போயி, சாயங்கால வெளிச்சத்துல, இடதுகைய வலதுபக்கம் மாட்டி பாதி தச்சிருச்சு. நான்தான் குறியப் பாத்து நிறுத்துனேன். "உன் காகிதம் சொல்லுதா?" "ஆமா." ஒண்ணும் பேசாம பிரிச்சுச்சு.

நான் பண்ண தப்பு கழுத்துல. கழுத்து வளைவு நூலுக்குச் சாய்வா ஓடுறதால இழுபடும், அதனால வெட்டுன உடனே ஓரத்துல ஒரு தையல் ஓட்டி வச்சிருன்னு புக்ல தெளிவா இருந்துச்சு. எதுக்குன்னு விட்டேன். துணிய அங்கிட்டும் இங்கிட்டும் தூக்கிப் போட்டு மாட்டிப் பாத்துக்கிட்டு இருந்ததுல கழுத்து கிட்டத்தட்ட முக்கால் இன்ச் பெருசாயிருச்சு. கழுத்து ஓரத்துல வச்சுத் தைக்கிற க்ராஸ் பீஸ் பட்டிய பச்சைக்கரையில வெட்ட முடியாது, அரக்குலயே 45 டிகிரிக்குச் சாய்ச்சு வெட்டி, அத லேசா இழுத்துப் பிடிச்சுத் தச்சதுல பாதி அடங்கிருச்சு, மீதி குனிஞ்சா தெரியுது. பின் குத்திக்கிறேன்.

காஜா, அதான் பட்டன் ஓட்டை, எடுக்க மட்டும் வெளிய குடுத்தேன். ஏழு காஜா, கடையில அஞ்சு நிமிச வேலை. வீட்டு மெஷின்ல அந்த வசதி இல்ல, கையால எடுத்தா ஒரு காஜாவுக்கு இருபது நிமிசம் ஆகும், எனக்குப் பொறுமை அம்புட்டு இல்ல. கடைக்காரர் துணியத் திருப்பிப் பாத்துட்டு "எங்க வாங்குனீங்க"ன்னார், தச்சதுன்னேன், "பாக்கெட்லாம் இருக்கே"ன்னு கையை உள்ள விட்டுப் பாத்தார். சத்தியமா சொல்றேன், மாசச் சம்பளம் வாங்குன அன்னைக்குக் கூட அப்படி நடந்து வந்ததில்ல.

முத நாள் ஸ்கூலுக்குப் போட்டுக்கிட்டுப் போறதுக்கு முன்னாடி அம்மா வழக்கம் போல ஓரத்துல மஞ்சள் தடவுச்சு. பாக்கெட்ல போன், சாவி, சாக்பீஸ், பேனா எல்லாம் போச்சு. போன் கனத்துக்கு வலதுபக்கம் ஒரு இன்ச் இறங்கித் தெரியுதுன்னு ஸ்டாஃப் ரூம்ல சொன்னாங்க, அதுக்கு இடதுபக்கம் சாவியப் போட்டு சரிபண்ணிக்கிட்டேன். மதியம் சாப்பிட்டதுக்கப்பறம் இடுப்புல லேசா பிடிச்சுச்சு. சாயங்காலம் வந்து உள்பக்கத்தத் திருப்பிப் பாக்குறேன், பக்கத்துல ரெண்டு வரிசை தையல். ஒண்ணுதான் ஓட்டுனோம்னு நெனச்சேன், நான் காஜா கடைக்குப் போறதுக்கு முந்தின ராத்திரி அம்மா இன்னொண்ணு உள்ள தள்ளி ஓட்டி வச்சிருக்கு, "ஷேப்பா இருக்கட்டுமேன்னு". உள் வரிசையப் பிரிச்சேன், பத்து நிமிசம்.

காகிதத்த மடிச்சு கவர்ல போட்டு வச்சிருந்தேன், போன வாரம் தேடுறேன், காணோம். மெஷின் பக்கத்துச் செவுத்துல ஆணியில ஒரு பிரவுன் ஷீட் தொங்குது, காலண்டருக்கு மேல. அம்மா எடுத்து அச்சு எடுத்திருக்கு, பக்கத்துல ஒண்ணரை இன்ச் சேத்து, பால்பாயிண்ட் பேனாவுல "மூத்தவ, 38, லூஸ் 4, உயரம் மடிச்சது"ன்னு எழுதி, மேல ஒரு ஓட்டை குத்தி மாட்டியிருக்கு. நேத்து நைட்டி தைக்கக் குடுக்க வந்த எதிர்வீட்டு அக்காவ உக்கார வச்சு, "பாக்கெட்டு வச்ச மாடல் ஒண்ணு இருக்கு, தைக்கவா?"ன்னு கேட்டுக்கிட்டு இருந்துச்சு. கூலி எம்புட்டுன்னு அவங்க கேட்டதுக்கு, நைட்டிக்கு வாங்குறத விட நூறு ரூபா கூடச் சொல்லுச்சு. காகிதத்துக்கு ஆன செலவாம்.